தொண்டைமண்டலத்துச் சிறுநீரகம்: காரணம் தெரியாத நோயைத் தேடும் வழிகள்

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் சிறுநீரகவியல் துறையினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதுச்சேரியிலும் அதை அடுத்த தமிழக மாவட்டங்களிலும் உழவர்களிடமும் வயல் கூலியாட்களிடமும் மிகுதியாகக் காணப்பட்ட ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய்க்குத் 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பெயரிட்டனர். நெஃப்ரோபதி என்பது சிறுநீரகக் கேட்டைக் குறிக்கும் பொதுச்சொல். இந்நோயாளிகளுக்குச் சர்க்கரை நோய் இல்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கு நெடுநாள் ரத்தக் கொதிப்பும் இல்லை. கல்லடைப்போ பிறவிக் கோளாறோ புலப்படவில்லை. ஆயினும் அவர்களின் சிறுநீரகங்கள் ஆண்டுக்காண்டு சுருங்கி, கை கால் வீக்கமோ மூச்சிரைப்போ கண்டு மருத்துவமனைக்கு வரும்போது வடிகட்டும் திறனில் பெரும்பகுதியை இழந்திருந்தன. இத்தகைய நோயை மருத்துவ உலகம் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என வகைப்படுத்தி, ஆங்கிலத்தில் சி.கே.டி.யு. என்று சுருக்கி வழங்குகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியான உத்திரமேரூர் வட்டம் பழந்தொண்டைமண்டலத்தின் நடுவே அமைந்தது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் அறியப்படும் இவ்வூரில் ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் இயங்கியதை அக்கல்வெட்டுகளே கூறுகின்றன. இன்றும் நெல்லும் வேர்க்கடலையும் கரும்புமே இப்பகுதியின் பயிர்கள். ஏரிப்பாசனத்தோடு கிணறும் ஆழ்துளைக் குழாயும் சேர்ந்துகொண்டன. நடவு, களையெடுப்பு, அறுவடை, கரும்பு வெட்டு, கோடையில் ஏரி தூர்வாரும் நூறு நாள் வேலை எனத் திறந்தவெளியில் உடல் வருந்தும் உழைப்பே இங்குள்ள ஏழைக் குடும்பங்களின் வாழ்க்கை. ஜிப்மர் மருத்துவர்கள் விவரித்த நோயாளியின் தொழிலும் நிலமும் நீரும் இவையேயாதலால், உத்திரமேரூர்ப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரக நோயை எவ்வாறு தேடுவது என்பது ஊர்மக்களின் உயிர் சார்ந்த கேள்வியாகிறது.

இக்கேள்வி தமிழகம் முழுமைக்கும் உரியது என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் நிறுவனத்தார் நடத்தி 2025-இல் வெளியான கள ஆய்வு காட்டியது. ஐந்து வேளாண் தட்பவெப்ப மண்டலங்களைச் சேர்ந்த 125 கிராமங்களில் 3,350 பண்ணைத் தொழிலாளர்களை அவ்வாய்வு சோதித்தது. அவர்களுள் 5.31 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அந்நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ வேறு அறிந்த காரணமோ இல்லை. ஆய்வாளர்கள் ஒரே சோதனையோடு நின்றுவிடாமல், குறை தென்பட்டவர்களை மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தே நோயாளி என்று கணக்கிட்டனர். வெயிலில் நாள் முழுதும் உழைத்து நீர்வற்றிய உடலில் ஒருநாள் எடுக்கும் ரத்தம் தற்காலிகக் குறையைக் காட்டி, ஓய்வுக்குப் பின் தெளியக்கூடும். நோய் 'நாட்பட்டது' எனப்படுவதற்கு மூன்று மாதமேனும் அது நீடிக்க வேண்டும் என்பது இலக்கணம்.

வழக்கமான சோதனைகளுக்கு இந்நோய் ஏன் அகப்படுவதில்லை என்பதை அறிய, சிறுநீரகத்தின் அமைப்பைச் சற்றே நினைவுகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணலகுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ரத்தத்தை வடிகட்டும் தந்துகி முடிச்சும், வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டிய உப்பையும் சர்க்கரையையும் நீரையும் மீட்டெடுக்கும் நுண்குழலும் உண்டு. குழல்களுக்கிடையே நிரம்பியிருப்பது இடைத்திசு. சர்க்கரை நோய் முதலில் தாக்குவது வடிகட்டும் முடிச்சை. அம்முடிச்சு பழுதானால் ரத்தத்தின் புரதமாகிய அல்புமின் சிறுநீரில் கசியும், சிறுநீர் நுரைக்கும். நுரையின் பொருளை நம் முன்னோர் அறியாதவரல்லர். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி முறை, நோயாளியின் சிறுநீரில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் நோக்கச் சொல்கிறது. இக்காலத்தில் சுகாதார நிலையத்துச் செவிலியர் சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் சோதனைப் பட்டையும் இக்கசிவையே தேடுகிறது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய சிறுநீரக நோய்த் தேடல் திட்டத்துக்கும் இப்பட்டையே முதற்கருவி.

தொண்டைமண்டல நோயோ முடிச்சை விட்டுவிட்டு நுண்குழலையும் இடைத்திசுவையும் அரிக்கிறது. ஆதலால் புரதம் கசிவதில்லை, அல்லது மிகச் சிறிதளவே கசிகிறது, நுரை தோன்றுவதில்லை, ரத்தக் கொதிப்பும் நோயின் பிற்பகுதியிலேயே எழுகிறது. செறிவாக்கும் திறனை இழந்த குழல்கள் நீரைத் தாராளமாக வெளியேற்றுவதால், நோயாளி நிறையச் சிறுநீர் கழித்து, தனக்குச் சிறுநீரகக் குறை ஏதுமில்லை என்றே நம்புகிறார். இரவில் இருமுறை மும்முறை எழுவதை முதுமையின் இயல்பாகக் கருதும் வீடுகளில் இவ்வறிகுறியை எவரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. பட்டைச் சோதனையில் தேறிவிட்ட ஓர் உழவரைச் 'சிறுநீரகம் நலம்' என்று வீட்டுக்கு அனுப்புவது, இப்பகுதியில் நிகழக்கூடிய மிகப் பெரிய நோயறிதல் பிழையாகும்.

அடுத்த கருவி ரத்தத்தில் கிரியேட்டினினை அளப்பது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து இடையறாது வெளிப்பட்டுச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் அது பெருகும். இங்கும் ஓர் இடர் உண்டு. ஆய்வகச் சீட்டில் 1.2 மில்லிகிராம் வரை இயல்பு என அச்சிட்டிருப்பதைக் கண்டு பலரும் நிறைவடைகின்றனர். ஆனால் 1.1 என்ற ஒரே அளவை, வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொள்ளும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், முப்பது வயது ஆணுக்கு வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 93 மில்லிலிட்டர் என வரும். அறுபது வயதுப் பெண்ணுக்கோ அது 60-க்கும் கீழே, ஏறத்தாழ 58 என இறங்கிவிடும். அறுபதுக்குக் கீழ் மூன்று மாதம் நீடித்தால் அது நோய். வாழ்நாள் முழுதும் களையெடுத்து மெலிந்த உடலில் தசையே குறைவாதலால், கிரியேட்டினின் உற்பத்தியும் குறைந்து, உண்மையான வீதம் சூத்திரம் காட்டுவதைவிடவும் தாழ்ந்திருக்க வாய்ப்புண்டு. தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி என்னும் புரதத்தை அளப்பது இக்குறையை ஓரளவு போக்கும். செலவு மிகுதியால் அது சிற்றூர் ஆய்வகங்களுக்கு எட்டவில்லை. செலவில்லாத திருத்தம் ஒன்று உடனே கைகூடக்கூடியது: ஆய்வகச் சீட்டில் கிரியேட்டினின் அளவின் பக்கத்திலேயே வடிகட்டும் வீதத்தையும் கணக்கிட்டு அச்சிடுவது.

வீதம் குறைந்திருப்பது உறுதியானபின் அடுத்த கேள்வி, ஏன் குறைந்தது என்பது. அல்ட்ராசவுண்ட் படம் அடைப்பையும் கல்லையும் நீர்க்கட்டிகளையும் காட்டும். இரு சிறுநீரகங்களும் சமமாகச் சுருங்கியிருந்தால் நோய் பழையது என்பதும் விளங்கும். முடிவான சான்றைத் தருவது திசுச் சோதனை, அதாவது பயாப்சி: முதுகுப்புறமாக மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து நூலிழை போன்ற துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் காண்பது. சி.கே.டி.யு. நோயாளியின் துணுக்கில் நுண்குழல்கள் நலிந்தும் இடைத்திசு தழும்பேறியும் இருக்கும். ஆனால் சுருங்கிப்போன சிறுநீரகத்தில் ஊசியிடுவது ஆபத்து. இட்டாலும் தழும்பு மட்டுமே தெரியும், தழும்பை உண்டாக்கியது எது என்பது தெரியாது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கோ, பின்னர் சென்னைக்கோ நோயாளி சென்று சேர்வதற்குள் பெரும்பாலும் இக்கட்டம் வந்துவிடுகிறது. நோய் தொடங்கும்போது எடுக்கப்படாத சான்றை நோய் முற்றியபின் எந்தக் கருவியாலும் பெற இயலாது.

உலகின் பிற பகுதிகளில் இந்நோயைத் தேடியவர்கள் கண்டவை இங்குப் பயன்படும். எல் சால்வடோர் நாட்டு மருத்துவர்கள் தங்கள் தலைநகர மருத்துவமனைக்கு வரும் டயாலிசிஸ் நோயாளிகளுள் பெரும்பான்மையோர் சர்க்கரை நோயில்லாத கடற்கரைச் சமவெளி உழவர்கள் என்பதை 2002-இல் வெளிப்படுத்தினர். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா முதலிய நெல் விளையும் ஊர்களில் 1990-களிலேயே இந்நோய் தென்பட்டது. வவுனியா வரை அதன் எல்லை நீண்டது. ஆந்திரத்தின் சிறீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் பகுதியில் நடந்த கள ஆய்வுகள், வயது வந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் இருப்பதைக் காட்டின.

காரணத்தைப் பற்றிய வாதங்கள் இன்னும் ஓயவில்லை. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளரைப் பருவம் முழுதும் தொடர்ந்து கண்காணித்தவர்கள், கடும் வெயிலில் நீர்வற்றி நாள்தோறும் உண்டாகும் சிறு காயங்கள் ஆறாமலே அடுக்கடுக்காகச் சேர்ந்து நாட்பட்ட நோயாகின்றன என்ற முடிவை நோக்கிச் சென்றனர். நிகராகுவாவின் கரும்புத் தோட்டம் ஒன்றில் நிழலும் நீரும் கட்டாய ஓய்வும் தரப்பட்டபின், அறுவடைக் காலத்தில் நேரும் திடீர்ச் சிறுநீரகக் காயங்கள் குறைந்தன. இலங்கையிலோ கேட்மியம், கிணற்று நீரின் புளோரைடும் கடினத்தன்மையும், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என ஐயங்கள் விரிந்தன. கிளைபோசேட் களைக்கொல்லியை அந்நாட்டு அரசு 2015-இல் தடைசெய்து, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்குமாகத் தளர்த்தியது. பல நாட்டு நோயாளிகளின் திசுத் துணுக்குகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, நுண்குழல் உயிரணுக்களில் வடிவம் சிதைந்த உள்ளுறுப்புகளைக் கண்டு, அவை நச்சு மருந்தால் விளையும் சிதைவை ஒத்திருப்பதாகக் கூறி, வேளாண் நஞ்சுகளின்பால் ஐயத்தைத் திருப்பியது. வெப்பமும் நஞ்சும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நீர்வற்றிய சிறுநீரகம் தன்னுள் வரும் எந்த நஞ்சையும் செறிவாக்கியே நுண்குழலில் நிறுத்துமாதலால், இரண்டும் ஒரே உடலில் கைகோத்திருப்பதே இயல்பு எனத் தோன்றுகிறது. தமிழகத்து உப்பளத் தொழிலாளரிடம் சென்னை சீராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வும், பெரும்பாலோர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேல் உழைப்பதையும் அவர்களுள் ஒரு பகுதியினரின் வடிகட்டும் வீதம் குன்றியிருப்பதையும் பதிவு செய்தது. உத்திரமேரூர் வட்டாரத்தில் படாளம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பவென வெட்டப்படும் கரும்புக்கும் நிகராகுவாக் கரும்புக்கும் வெயிலில் வேறுபாடில்லை.

'காரணம் அறியப்படாதது' என்ற பெயரை நோயறிதலின் முற்றுப்புள்ளியாகக் கொள்ளக் கூடாது என்பதற்குப் பால்கன் நாடுகளின் வரலாறு வலுவான சான்று. தான்யூபு ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய பல்கேரிய, செர்பிய, குரோவேசிய, போசுனிய, ருமேனிய ஊர்களில் உழவர்களைத் தாக்கிய சிறுநீரக நோய் 1950-களில் விவரிக்கப்பட்டது. ஓர் ஊரில் உண்டு, அடுத்த ஊரில் இல்லை என்னும்படி அது பரவியிருந்தது. நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகக் குழிவிலும் சிறுநீர் இறங்கு குழாயிலும் அரிய புற்றுநோயும் தோன்றியது. ஐம்பது ஆண்டுகள் நீரையும் மண்ணையும் பூஞ்சையையும் ஐயுற்றனர். 1990-களின் தொடக்கத்தில், பெல்சியத்தில் உடல் மெலிவதற்கெனச் சீன மூலிகை உண்ட பெண்களுக்கு இதே வகைச் சிறுநீரகக் கேடு வந்தபோது, அம்மருந்தில் அரிசுடோலோக்கியாக் குடும்பச் செடி கலந்திருந்தது புலனாயிற்று. பால்கன் கோதுமை வயல்களிலும் அச்செடி களையாக முளைத்து, அதன் விதை தானியத்தோடு அரைபட்டு ரொட்டியில் சேர்ந்தது. அதிலுள்ள அரிசுடோலோக்கிக் அமிலம் நோயாளிகளின் மரபணுவோடு பிணைந்து விட்டுச்சென்ற தடயத்தை 2007-இல் வெளியான ஆய்வு திசுத் துணுக்குகளிலேயே காட்டியது. அரை நூற்றாண்டு மறைந்திருந்த காரணம் தெரிந்தபின் அது காரணம் அறியப்படாத நோயாக இல்லாமற்போயிற்று.

இச்செய்தி தமிழ் வாசகருக்கு மிக அணுக்கமானது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் நம் வயலோரங்களிலும் காடுகளிலும் வளர்பவை. பாம்புக்கடிக்கும் வயிற்றுப் புழுவுக்கும் தோல்நோய்க்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் பெருமாள் கோயில் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பதினைந்து படுக்கைகளோடு மருத்துவரும் அறுவை செய்வோரும் மருந்துகளும் அமைந்த ஆதுலசாலை இயங்கியதைப் பதிவு செய்கிறது. அத்தகைய மரபுடைய மண்ணில் நாட்டுமருந்தை இகழ்ந்து பேசுவது அறியாமை. ஆனால் எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் விடுவது அதனினும் பெரிய அறியாமை. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக நோய்க்கூறியல் வல்லுநர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. நெல்-1 என்னும் புரதம் படிந்து வடிகட்டும் முடிச்சின் சவ்வு தடிக்கும் ஓர் அரிய நோயைப் பயாப்சியில் கண்ட அவர்கள், நோயாளிகளிடம் மீண்டும் விசாரித்தபோது, கணிசமானோர் மரபு மருந்துகளை உண்டிருந்ததும் அம்மருந்துகளில் பாதரசம் இருந்ததும் வெளிப்பட்டன. மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புரதக் கசிவு குறைந்தது. மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் மூட்டுவலி மாத்திரையும், கூலிவேலை முடிந்த மாலையில் போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் இதே கேள்விப் பட்டியலில் சேர வேண்டியவை. நீர்வற்றிய உடலில் இவை சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைக்கின்றன.

நெல் வயலில் காலை வைக்கும் உழவருக்கு இன்னொரு கேள்வியும் உரியது: எப்போதேனும் பாம்பு கடித்ததா? கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்து, சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்யும். கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, மின்வசதி குன்றிய நிலையத்திலும் அந்நஞ்சை அடையாளம் காட்டும். அதற்குரிய முறிமருந்தைச் செய்யத் தேவைப்படும் நஞ்சைப் பெருமளவில் தருவது, 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கடியிலிருந்து பிழைத்தவருள் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் முழுமையாக மீளாமல், சில ஆண்டுகளுக்குப் பின் நாட்பட்ட நோயாக வெளிப்படும். பழைய கடியைக் கேட்காத மருத்துவர் இவரையும் 'காரணம் தெரியாதவர்' பட்டியலில் சேர்த்துவிடுவார்.

சிறுநீர்ப் பாதையின் அரிய நோய்களுள் இவ்வட்டாரத்துக்கு உரியவை இரண்டு. சிறுநீரில் சீழணுக்கள் நிறைந்திருந்தும் வழக்கமான வளர்ப்புச் சோதனையில் கிருமி எதுவும் முளைக்காவிட்டால், நுண்ணுயிர்க்கொல்லியை மாற்றி மாற்றித் தருவதற்கு முன் காசநோயை ஐயுற வேண்டும். நுரையீரலைத் தாக்கிய கிருமி பல ஆண்டுகள் உறங்கிப் பின் சிறுநீரகத்தில் விழித்து, இறங்கு குழாயைச் சுருக்கி, நீர்ப்பையைக் குறுக்கிவிடும். தொடர்ந்து மூன்று நாள் விடியற்காலைச் சிறுநீரைச் சேர்த்து, காசநோய்க் கிருமிக்கெனத் தனியே சோதித்தாலே அது அகப்படும். இரண்டாவது, பால்போல் வெளுத்த சிறுநீர். யானைக்கால் நோய்க்கு நெடுங்காலம் பெயர்பெற்ற காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் அந்நோயின் புழு நிணநீர்க் குழல்களை அடைத்து, அவை சிறுநீரகக் குழிவுக்குள் வெடித்துக் கொழுப்பு நிணநீரைக் கலக்கும்போது இவ்வெண்மை தோன்றும். சிறுநீரோடு ஈதரைச் சேர்த்துக் குலுக்கியதும் அது தெளிந்தால் நிணநீர்க் கொழுப்பு என அறியலாம். இப்புழுவின் குஞ்சுகளை 1870-இல் கல்கத்தாவில் டிமோதி லூயிசு கண்டதும் ஒரு நோயாளியின் பால்நிறச் சிறுநீரில்தான்.

மேற்கண்டவற்றுள் எதற்கும் முதற்படி பெரிய கருவி அன்று என்பதைச் சென்னைச் சிறுநீரகவியலாளர் எம்.கே. மணி நிறுவிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சென்னையை அடுத்த கிராமங்களில் செய்த பணி விளக்குகிறது. எளிய பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள் வீடு வீடாகச் சென்று கேள்வித் தாளை நிரப்பி, சல்போசாலிசிலிக் அமிலத்தால் சிறுநீர்ப் புரதத்தையும் பெனடிக்ட் கரைசலால் சர்க்கரையையும் சோதித்து, ரத்த அழுத்தம் அளந்தனர். குறை கண்டவரை மட்டுமே மருத்துவர் பார்த்தார். சர்க்கரையாலும் கொதிப்பாலும் வரும் சிறுநீரக நோயைத் தடுக்க அம்முறை மிகக் குறைந்த செலவில் உதவியது. இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக அதே வீட்டு வாசலுக்கு அரசுப் பணியாளர் செல்கின்றனர். அவர்கள் கையிலுள்ள தாளில் தொழில், குடிநீரின் ஊற்று, பூச்சிமருந்து தெளித்த ஆண்டுகள், வலிமாத்திரை, நாட்டுமருந்து, பாம்புக்கடி, இரவில் எழும் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு இடம் சேர்ப்பதும், புரதமில்லாத உழவருக்கும் ஒரு கிரியேட்டினின் அளவு எடுப்பதும் உத்திரமேரூர் வட்டத்தில் இப்போதே செய்யத் தக்கவை. அவ்வளவை மார்கழிக் குளிரில் ஒருமுறையும், கரும்பு வெட்டும் தூர்வாரலும் மிகுந்த சித்திரை வெயிலில் ஒருமுறையும், ஐப்பசி மழைக்குப் பின் மறுபடியும் அதே ஆட்களிடம் எடுத்தால், யாருக்குக் கிரியேட்டினின் வெயிலோடு ஏறி மழையோடு இறங்குகிறது, யாருக்கு ஏறியபின் இறங்க மறுக்கிறது என்பது, பயாப்சி ஊசி பயன் தரக்கூடிய காலத்திலேயே தெரிந்துவிடும்.